மொறிஸ் மைனரின் இரு கண்கள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. மோட்டார் வண்டிக்குப் பிரதானமானது எது என்று கேட்டால், எஞ்சின் என்றே பலரும் விடையிறுப்பர். பகற்பொழுதுக்கு அவ்விடை பொருந்தும். இரவிலோ, எஞ்சின் நின்றுபோன வண்டியால் அதில் இருப்பவருக்கே தொல்லை. விளக்குப் பழுதான வண்டியால் வீதியில் வரும் அனைவருக்கும் தொல்லை. அண்மையில் எமது இல்லத்து மொறிஸ் மைனர் வண்டியின் முன்விளக்குகளை வீட்டிலேயே புதுப்பித்தபொழுது இதனைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்தது. அச்சிந்தனையை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

இப்பணிக்குத் தூண்டுகோலாய் இருந்தவன் எமது தமக்கையின் மகன். தொழில்நுட்பம் பயிலும் அவனுக்குப் பந்தயக் கார் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டி ஓட்டவேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. “மாமா, லோட்டஸ் செவன் மாதிரி ஒன்று செய்து பார்ப்போமா?” என்று விடுமுறைக்கு வரும்பொழுதெல்லாம் கேட்பான். இங்கிலாந்தில் கொலின் சப்மன் என்பவர் 1957 ஆம் ஆண்டு அறிமுகஞ் செய்த அவ்வண்டி, உதிரிப் பாகங்களாகவும் விற்கப்பட்டது. முழு வண்டிக்கு விதிக்கப்பட்ட கொள்வனவு வரி உதிரிப் பாகங்களுக்கு இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அச்சலுகை போய்விடும் என்பதற்காக, கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதனைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

அவ்வண்டியின் ஆரம்ப வகைகளுள் ஒன்றிற்கும் மொறிஸ் மைனர் 1000 வண்டிக்கும் பொருத்தப்பட்டது ஒரே இனத்து 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் என்பது பலர் அறியாத உறவு. விளக்குகளில் மட்டும் வேற்றுமை உண்டு. லோட்டஸின் விளக்குகள் உடலில் புதையாது, நண்டின் கண்களைப் போல வெளியே தனித்து நிற்கும். “மருமகன், அந்த நண்டுக்கு முன்னால் வீட்டில் நிற்கும் ஆமைக்குக் கண் வைத்தியம் பார்ப்போம்” என்றோம். அவனும் இசைந்தான்.

மொறிஸ் மைனர் வண்டியை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ், 1948 இல் வெளிவந்த முதல் வண்டிகளில் முன்விளக்குகளைக் காற்றுவாய்க் கம்பிகளின் இருமருங்கும் தாழ்வாகவே அமைத்திருந்தார். அமெரிக்க நாட்டின் விதிகள் விளக்குகள் உயரமாய் இருத்தல் வேண்டும் என வற்புறுத்தவே, அவை மட்காட்டின் மேற்பகுதிக்கு ஏறின. பின்னர் எல்லா நாடுகளுக்கும் அவ்வமைப்பே வழக்கமாயிற்று. எமது வண்டியும் அவ்வாறானதே. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் கொண்ட களுவாஞ்சிக்குடியில், உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு அரிது. வலப்புற விளக்கு மங்கலாகவும், இடப்புற விளக்கு அழுக்கேறிய மஞ்சளாகவும் எரிந்தன.

வெளிவளையத்தைக் கழற்றி, திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் விளக்குகளை வெளியே எடுத்தோம். உள்ளே இருப்பது பரவளைவு வடிவான தெறிப்பி. பரவளைவின் குவியத்தில் நின்று புறப்படும் ஒளிக் கதிர்கள் தெறித்தபின் சமாந்தரமாகச் செல்லும். இவ்வடிவத்தின் குவியப் பண்பைக் கிரேக்க அறிஞர் டயோக்கிளிஸ், ஏறக்குறைய 2200 ஆண்டுகளுக்கு முன்னர், சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளைப் பற்றிய நூலில் நிறுவியுள்ளார். கல்லூரியிற் கரும்பலகையில் வரைந்து நாம் கற்பிக்கும் வளைகோடு, துருப்பிடித்த கிண்ணத்துள் கிடந்ததைக் கண்டபொழுது உவகை உண்டாயிற்று.

இடப்புறத் தெறிப்பியின் பூச்சு உரிந்திருந்தது. பித்தளை மினுக்கும் பசையால் தேய்க்க மருமகன் முனைந்தான், நாம் தடுத்தோம். குத்துவிளக்கைத் தேய்ப்பது போன்றதன்று இது. தெறிப்பியின் மேல் வெற்றிடத்திற் படியவைக்கப்பட்ட அலுமினியப் படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கின் அதில் ஒரு கூறளவே. தேய்த்தால் அழுக்குடன் அதுவும் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் தட்டலாம். அதற்குமேல் புதியதை மாற்றுவதே வழி.

வலப்புற விளக்கின் குறை வேறு. தெறிப்பியும் குமிழும் பழுதற்றிருக்க, ஒளி மட்டும் மங்கியிருந்தது. மின்னைக் கொண்டுவரும் வயர்களில் குறையில்லை. நீலத்தில் வெள்ளைக் கோடிட்டது நெடுந்தூர ஒளிக்கு. நீலத்தில் சிவப்புக் கோடிட்டது தாழ்ந்த ஒளிக்கு. பழுது, மின் திரும்பிச் செல்லும் கறுப்பு வயர் வண்டியின் உடலைத் தொடும் இடத்தில் இருந்தது. அங்கே துருப் படிந்திருந்தது. மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 வோல்ற்றில் எரியும் 36 வாற்றுக் குமிழினூடாகச் செல்லும் மின்னோட்டம் 3 அம்பியர். துருவின் தடை 0.4 ஓம் மாத்திரமே எனினும், அங்கே ஏறக்குறைய 1.2 வோல்ற்று, அதாவது பத்தில் ஒரு பங்கு, வீணாகும். இழைக் குமிழில் அழுத்தம் பத்தில் ஒன்று குறைந்தால் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று குறைந்துவிடும். அரத்தாளால் துருவை நீக்கி, வயரை இறுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். ஒரு சதமும் செலவின்றி விளக்குத் தெளிந்தது.

இந்நிலையில் மருமகன் புதிய யோசனை ஒன்றைக் கொணர்ந்தான். பழைய குமிழ்களை எறிந்துவிட்டு, வெண்ணீலமாய் ஒளிரும் எல்.ஈ.டி. குமிழ்களைப் பொருத்தினால் பகலைப் போல இருக்கும் என்றான். அயலில் வசிக்கும் முதியவர் ஒருவர் அப்பொழுது முற்றத்தில் அமர்ந்திருந்தார். படுவான்கரையில் வயல் செய்பவர். குருமண்வெளித் துறையால் வாவியைக் கடந்து, இருட்டியபின் சைக்கிளில் வீடு திரும்புபவர். அவர் சொன்னது எமது நெஞ்சைத் தொட்டது.

“வெளிச்சம் கண்ணில அடிச்சா, றோட்டும் தெரியாது, கானும் தெரியாது, சேர். சைக்கிளால இறங்கி, கார் போகுமட்டும் ஓரத்தில நிக்கிறதுதான். ஒரு இரவைக்கு எத்தனை தரம் இறங்கி ஏறுறது?”

மருமகன் ஒன்றும் பேசவில்லை. இழைக்காக வகுக்கப்பட்ட தெறிப்பியில் வேறு வடிவான ஒளிமுதலை வைத்தால், ஒளி குவியத்தில் நில்லாது நாற்புறமும் சிதறும். ஓட்டுபவருக்குப் பகலாய்த் தோன்றுவது எதிரே வருபவருக்குக் குருட்டிரவாகும். ஆகவே இழைக் குமிழ்களையே வைத்துக்கொள்ள முடிவாயிற்று.

இடப்புறத்துக்குப் புதிய விளக்கு வாங்கப் பட்டணத்துக் கடையொன்றுக்குச் சென்றோம். மலிவாகவே கொடுத்தனர். ஆயினும் கண்ணாடியை உற்று நோக்கியபொழுது, அது வலப்புறமாக வண்டி செலுத்தும் நாடுகளுக்குரியது எனத் தெரிந்தது. தாழ்ந்த ஒளி யாவருக்கும் பொதுவானதன்று. இடப்புறமாகச் செலுத்தும் நம் நாட்டில் அது இடப்பக்க ஓரத்தை நெடுந்தூரம் காட்டி, எதிரே வருபவர் பக்கம் தாழ்ந்திருத்தல் வேண்டும். மற்றைய விளக்கோ நேர்மாறாக, எதிரே வருபவர் முகத்திலேயே பாயும். சுவீடன் நாடு 1967 செப்ரெம்பர் 3 ஆம் திகதி இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியபொழுது, வண்டிகளின் முன்விளக்குகளையும் மாற்ற நேர்ந்தது இக்காரணத்தினாலேயே.

வாங்குவோர் அறிந்துகொள்ளத்தக்க அடையாளம் ஒன்றுண்டு. ஐரோப்பிய முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட விளக்குக் கண்ணாடியில், வட்டத்துள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து இருக்கும். அதனருகே, விளக்கின் எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்புறம் நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது நமது வீதிகளுக்கு உகந்தது. அம்புக்குறியே இல்லையெனின் வலப்புற நாடுகளுக்கு உரியது. கடைக்காரரிடம் விளக்கைத் திருப்பிக் கொடுத்து, சற்று விலை கூடிய வேறொன்றைப் பெற்று வந்தோம்.

எஞ்சியது நேர்ப்படுத்தும் வேலை. மட்டமான நிலத்தில், சுவரிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் வண்டியை நிறுத்தினோம். விளக்குகளின் உயரத்தைச் சுவரிற் சுண்ணக்கட்டியால் குறித்து, அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே மற்றொரு கோடு இழுத்தோம். தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்குமாறு திருகாணிகளைத் திருப்பினான் மருமகன். விளக்கின் உயரம் 70 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், ஒளி 70 மீற்றர் தூரத்தில் நிலத்தைத் தொடும். எமது வண்டியின் வேகத்துக்கு அது தாராளம்.

விடுமுறை முடியுமுன் ஒரு மாலை, கல்முனை சென்று இருட்டியபின் திரும்பினோம். மருமகன் ஓட்டினான். எதிரே ஒரு சைக்கிள் தெரிந்தவுடன் ஒளியைத் தாழ்த்தினான். அதில் வந்தவர் யாரென்று அறியோம். அவர் இறங்கவில்லை, கண்ணை மறைக்கக் கையை உயர்த்தவும் இல்லை. தம் பாட்டில் மிதித்துக்கொண்டு எம்மைக் கடந்து சென்றார். “சரிதானே, மாமா?” என்று கேட்டான் மருமகன். சரியென்றோம்.