எல்லாப் பாகமும் நல்ல பாகம்தான்

2021, பொங்கல் முடிந்த வாரம். திருவொற்றியூர் தேரடியிலிருந்து ராயபுரத்தில் இருக்கும் என் வக்கீல் அலுவலகம் வரை, கம்ப்யூட்டர் கேபினட்டைப் பழைய போர்வையில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் வைத்து ஓட்டி வந்திருந்தார் ஒருவர். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இன்ஜின் ஃபிட்டர். பின்னால் உட்கார்ந்து வந்த மகளின் மடியில், துண்டில் பொதிந்த ஒரு பழைய ஹார்ட்டிஸ்க். "இதுல நாப்பது கல்யாணம் இருக்கு மேடம்" என்றாள்.

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, அவ்வளவுதான் ஸ்டூடியோ. பழைய கம்ப்யூட்டர் தளர்ந்துபோனதால் ரிச்சி தெருவில் ஒரு கடையில் 46,000 ரூபாய் கொடுத்துப் புதிதாக அசெம்பிள் செய்யச் சொல்லியிருக்கிறாள். மதர்போர்டின் மேலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்று, 2 டிபி புது ஹார்ட்டிஸ்க் ஒன்று. பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, அதிலிருந்த 1 டிபி டிஸ்கை மட்டும் புதியதில் மாட்டித் தரச் சொன்னாள். வீட்டுக்கு வந்து போட்டால் எஸ்எஸ்டி தெரிகிறது, புது டிஸ்க் தெரிகிறது, பழையது இல்லை. கடைக்கு மூன்று நடை. கேபிள் மாற்றினார்கள். பவர் போதவில்லை என்று 3,200 ரூபாய்க்கு வேறு எஸ்எம்பிஎஸ் விற்றார்கள். கடைசியில், "டிஸ்க் கிராஷ் ஆயிடுச்சு, டேட்டா ரெக்கவரிக்குத்தான் போகணும்" என்று கைவிரித்துவிட்டார்கள். கார்த்திகையில் நடந்த இரண்டு கல்யாணங்களுக்கு ஆல்பம் தர முடியாமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது அதில் வந்த பெரிய வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பூங்கா நகரில் இருந்த சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் மனு தாக்கல் செய்தேன். பில்லைப் பார்த்தேன், புது மதர்போர்டு, டிஸ்க் தெரியவில்லை. ஆகவே மதர்போர்டு பழுது, முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினேன்.

அதோடு அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் சொன்னேன். டிஸ்கும் கேபினட்டும் சாட்சியப் பொருட்கள், யாரும் கை வைக்கக் கூடாது என்று. என் சொல்லை நம்பி இரண்டையும் என் அலுவலகத்திலேயே விட்டுப் போனாள். அந்த நாற்பது கல்யாணங்கள் ஒரு வருடத்துக்கும் மேல் என் அலமாரியில் கிடந்தன. இன்றைக்கும் மனத்தை அறுப்பது அதுதான்.

கடைக்காரரின் பதிலுரை இரண்டு வாதங்களோடு வந்தது. முதலாவது, மனுதாரரின் வீடு கடலோரம். உப்புக் காற்றில் இணைப்புகள் அரித்திருக்கும். வடசென்னையில் எது கெட்டாலும் உப்புக் காற்றின் தலையில் போடுவது வழக்கம். ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் நாளே டிஸ்கைக் காட்டவில்லை. இரண்டாவது வாதம்தான் கனமானது. ஆல்பம் செய்து காசு வாங்குகிறாள், இது வணிக உபயோகம், அவள் நுகர்வோரே இல்லை என்றார்கள். அதற்கு நம் ஊர்ப் பக்கத்து வழக்கே பதில் வைத்திருந்தது. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடர்ந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஓர் உதாரணம் கொடுத்தது: ஒருவர் டைப்ரைட்டர் வாங்கி, பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து பிறருக்கு டைப் அடித்துக் கொடுத்தால் அவர் நுகர்வோர்தான். முன்னறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற உதாரணம். அந்த வாதம் அதோடு அடங்கியது.

பழுது கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாததாக இருந்தால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழி செய்கிறது. நான்தான் மனுப் போட்டேன். ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனது. 2022 கோடையில் அறிக்கை வந்தது. மதர்போர்டில் பழுது இல்லை. எஸ்எஸ்டியில் இல்லை. இரண்டு டிஸ்கிலும் இல்லை. இணைப்புகளில் அரிப்பும் இல்லை. டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்ற நிம்மதியோடு வழக்கு போய்விட்டது என்ற பயமும் சேர்ந்தே வந்தது. பொருள் பழுது என்று எழுதியவள் நான். எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் கேட்ட பரிசோதனையே சொல்கிறது.

அப்பாவையும் மகளையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "வக்கீலம்மா, எங்க தொழில்ல இன்ஜின் நல்லாக்கும், கியர் பாக்ஸ் நல்லாக்கும், ஷாஃப்ட்டும் நல்லாக்கும். ஒண்ணா மாட்டுனா படகு ஆடும். அலைன்மென்ட் தப்பு. இன்ஜின் கம்பெனிக்காரனையா கேப்பாங்க? மாட்டுன என்னியத்தானே கேப்பாங்க?"

அறிக்கையை மறுபடி எடுத்தேன். முடிவுரையை மட்டும் படித்துக் கலங்கியிருந்தேன். அதற்கு முந்தைய பத்தியில் விஷயம் இருந்தது. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே போனேன். பரிசோதித்த பேராசிரியர் கேபினட்டைத் திறந்து காட்டினார். எம்.2 என்பது செருகும் இடத்தின் வடிவம் மட்டும்தான். அதில் உட்காரும் எஸ்எஸ்டி என்விஎம்இ வகையாகவும் இருக்கலாம், சாட்டா வகையாகவும் இருக்கலாம். இவளுக்குப் போட்டது சாட்டா வகை. இந்த மதர்போர்டில் சிப்செட்டிலிருந்து வரும் ஒரே பாதை எம்.2 ஸ்லாட்டுக்கும் முதல் சாட்டா போர்ட்டுக்கும் பொது. ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி உட்கார்ந்தால் முதல் போர்ட் தானாக அணைந்துவிடும். பழைய டிஸ்கை மாட்டியிருந்தது அந்த முதல் போர்ட்டில். கரன்ட் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக வருவதால் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தது, சத்தமும் கேட்டது. சேதி போகும் வழி மட்டும் இல்லை. அவர் கேபிளைப் பிடுங்கி மூன்றாவது போர்ட்டில் செருகினார். பயாஸ் திரையில் 1 டிபி டிஸ்கின் பெயர் வந்தது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று அந்தப் பேராசிரியரிடம் கற்றதைப் பிறகு வந்த கம்ப்யூட்டர் வழக்குகளில் முதல் கேள்வியாகவே வைத்துக்கொண்டேன்: எந்த இடத்தில் தெரியவில்லை? பயாஸிலேயே தெரியாவிட்டால் கேபிள், போர்ட், ஸ்லாட்டின் வகை என்று பார்க்க வேண்டும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைச் செருகினால் அழகாக உட்காரும், காட்டாது. பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால், புது டிஸ்கை இன்னும் இனிஷியலைஸ் செய்திருக்க மாட்டார்கள். இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் வந்த போர்டுகள் சிலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கினால், விண்டோஸ் நிறுவும்போது தனி டிரைவர் கொடுக்கும்வரை டிஸ்கே இல்லை என்று திரை சொல்லும். இவை எதுவும் பழுது அல்ல. தெரியாதவருக்கு எல்லாமே பழுது போலத் தோன்றும், பயந்துபோய் டிஸ்கை ஃபார்மட் செய்துவிடுவதும் உண்டு.

மனுவைத் திருத்த அனுமதி கேட்டேன்; கிடைத்தது. பொருளின் பழுது என்ற வாதத்தைக் கைவிட்டு, சேவைக் குறைபாடு என்று மாற்றி எழுதினேன். பில்லில் "அசெம்பிளிங் சார்ஜ் 1,000" என்று தனி வரி இருந்தது. காசு வாங்கிச் செய்த சேவை அது. மதர்போர்டுடன் வந்த கையேட்டை வீட்டுப் பரணில் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து தேடி எடுத்து வந்தாள். போர்ட் அணைவதைப் பற்றிய குறிப்பு அதில் பொடி எழுத்தில் இருந்தது. அதைச் சான்றாவணமாகக் குறித்தோம்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் நேர்மையாகவே வாதாடினார். என் கட்சிக்காரர் எதையும் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது என்றார். நான் அதை மறுக்கவில்லை. வேண்டுமென்றே தகவலை மறைப்பது சேவைக் குறைபாட்டின் ஒரு கிளை. அதற்கு முந்தைய கிளை கவனக்குறைவும் செய்யத் தவறியதும். கையேட்டைப் புரட்டவில்லை. மூன்று முறை வந்தும் டிஸ்கை வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் தேவையில்லாத எஸ்எம்பிஎஸ்ஸை விற்று, உயிருள்ள டிஸ்கைச் செத்தது என்று சொன்னார்கள். தெரியாது என்பதே இங்கே குற்றச்சாட்டு, அது எப்படி விடையாகும் என்று கேட்டேன்.

2023இல் உத்தரவு வந்தது. கம்ப்யூட்டரின் விலையைத் திருப்பித் தர ஆணையம் மறுத்தது. அது சரியான முடிவு; பாகங்கள் நல்லவை, பரிசோதனைக்குப் பிறகு அவள் அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். எஸ்எம்பிஎஸ்ஸின் விலை, அசெம்பிளிங் சார்ஜ், மன உளைச்சலுக்கு 15,000 ரூபாய், செலவுத் தொகை 5,000 ரூபாய் தரச் சொன்னது. கடைக்காரர் மேல்முறையீடு செய்யவில்லை. காசோலையை என் அலுவலகத்துக்கு நேரிலேயே கொண்டு வந்தார். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். கையெழுத்தெல்லாம் முடிந்து எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்தப் பக்கத்தைக் காட்டுமா" என்றார். அவள் வழக்குக் கட்டிலிருந்து கையேட்டின் நகலை எடுத்து விரித்தாள். செல்போனை எடுத்து, பொடி எழுத்து தெரிகிற மாதிரி குனிந்து, இரண்டு முறை படம் பிடித்துக்கொண்டு போனார்.