பில்லில் ஒரு வரி

கன்வாவில் இலவசமாகக் கிடைக்கிற பில் மாதிரிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே பொருளின் விலை, கீழே மொத்தம், நடுவில் 'வரி' என்று ஒரு இடம். என்னை மாட்டிவிட்டது அந்த நடு இடம்தான்.

2024 தை மாதம். வற் 15 வீதத்திலிருந்து 18 ஆகி, அதுவரை விலக்கு இருந்த பெற்றோல், காஸ், போன் எல்லாவற்றுக்கும் வந்திருந்த நேரம். நான் வீட்டிலிருந்து குரோஷே பைகள் பின்னி இன்ஸ்டகிராமில் விற்கிறேன். அதுவரை விலையை மெசேஜில் சொல்லி, காசு வந்ததும் கூரியரில் போடுவேன், அவ்வளவுதான். ஒரு 'பிஸ்னஸ்' மாதிரித் தெரியவேணும் என்ற ஆசையில் பில் அடிக்கத் தொடங்கினேன். நடு இடத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. எல்லாரும் 18 போடுகினம், நானும் போட்டன். பை 2,500, வற் 450, மொத்தம் 2,950. உண்மையைச் சொன்னால், பார்க்க நல்ல வடிவாக இருந்தது.

ஐந்து கிழமை கழித்து, மட்டக்களப்பில் இருந்து பை வாங்கிய ஒரு அக்கா மெசேஜ் போட்டா.

"தங்கச்சி, பை நல்லாயிருக்கு. பில்லில உங்கட வற் நம்பரைக் காணல்லயே?"

"அப்பிடி ஒரு நம்பர் இருக்கோ அக்கா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. அவ ஒரு கணக்காளரிடம் வேலை செய்யிறவவாம். ஏசவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. வற்றுக்குப் பதிந்தவர்கள் மட்டும்தான் வற் என்று சொல்லிக் காசு எடுக்கலாம். பதிந்தவர்களுக்கு 7000 என்று முடிகிற ஒரு இலக்கம் இருக்கும், அது பில்லில் இருக்கவேணும். கடைசியில் கேட்டா, "நீங்க எடுத்த 450ஐ இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டினீங்களா?"

நான் அந்தக் காசுக்கு நூல் வாங்கியிருந்தேன்.

அன்று இரவு இருந்து தேடிப் பார்த்தேன். கட்டாயமாகப் பதிய வேண்டிய எல்லை, அந்தத் தை மாதத்தில்தான் வருடத்துக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனாகக் குறைந்திருந்தது. 60 மில்லியன் என்றால் என் கணக்கில் 24,000 பை. ஒரு நாளைக்கு 65. ஒரு பை பின்ன எனக்கு மூன்று நாள் பிடிக்கும்.

சரி, அப்ப எனக்கும் வற்றுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. நூல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. துறைமுகத்திலேயே அதற்கு வற் கட்டியாச்சு, அது கை மாறி மாறி விலைக்குள் ஒளிந்து என்னிடம் வருகிறது. கூரியர் பில்லில், டேட்டா பக்கேஜில் எல்லாம் இருக்கு. பதிந்த கம்பனி என்றால், தான் வாங்கும்போது கட்டிய வற்றைத் தான் கட்ட வேண்டியதிலிருந்து கழித்துக்கொள்ளும். எனக்குக் கழிக்க இடமில்லை. விரும்பினால் எல்லைக்குக் கீழே இருந்தும் பதியலாம்தான். ஆனால் என் பையின் விலையில் பெரும்பங்கு நூல் இல்லை, என் விரல். விரலுக்கு யாரும் வற் பில் தரமாட்டார்கள், கழிக்கவும் முடியாது. பெறுமதி சேர் வரி என்ற பெயரில் 'சேர்கிற' பெறுமதி எது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு.

இதையெல்லாம் அக்காவிடம் புலம்பினேன். "செலவு கூடினா விலையைக் கூட்டுங்க, அது உங்கட உரிமை. அதுக்கு அரசாங்கத்தின்ர பேரைப் போடாதீங்க" என்றா.

இப்போது பை 2,750. நடு இடத்தை அழித்துவிட்டேன். கொழும்பில் ஒரு அலுவலகம் 40 பை கேட்டு, வற் பில் தரமுடியாது என்றதும் பேசாமல் போய்விட்டது. நட்டம்தான். பில்லில் வற் போடுகிற வேறு சின்னப் பேஜ்களைப் பார்த்தால் இப்போது 7000ஐத் தேடுகிறேன். அனேகமாக இருக்காது. கேட்கவும் கூச்சம், நானும் அதைச் செய்த ஆள்தானே.

அந்த ஐந்து கிழமையில் வாங்கியவர்கள் 11 பேர், ஆளுக்கொரு பை. திருப்பிக் கொடுக்க வேண்டியது 4,950 ரூபா. எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லி வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டேன். ஏழு பேர் தந்தார்கள். மூன்று பேர் வேண்டாம், அடுத்த பையில் கழிச்சு விடுங்கோ என்றார்கள். ஒராள், கணக்கு இலக்கம் கேட்டதும் ஏதோ சுத்துமாத்து என்று நினைத்து என்னை பிளொக் பண்ணிவிட்டா. அவவின் 450 ரூபா இன்னும் லாச்சிக்குள்ளே ஒரு என்வலப்பில் கிடக்கு.