யாருடைய தொழில்?

இரவு பதினொன்றரைக்குப் பிறகு குசினியின் பின்கதவு தட்டப்பட்டால் அது அவராகத்தான் இருக்கும். மொன்றியலுக்கோ வின்சருக்கோ லோட் ஏற்றிக்கொண்டு போகுமுன், ட்றக்கைப் பக்கத்துத் தொழிற்சாலை வளவில் விட்டுவிட்டு, சோற்றுப் பார்சலுக்கு வருவார். ஊரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. பெயர் எழுத வேண்டாம் என்றார். அண்ணை என்றே எழுதுகிறேன்.

2024 ஒக்டோபரில் ஒருநாள், சோற்றை வாங்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார்.

“தம்பி, நீ கம்பஸ் படிச்சனிதானே. உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு.”

நான் படித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம். இரண்டாம் வருடத்தோடு சரி. பிறகு நடந்தவை இதை வாசிப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் ஊர்ச்சனத்துக்கு நான் இன்னும் படித்தவன். அகதி விண்ணப்பம், வாடகை உடன்படிக்கை, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் இந்தக் கோப்பை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வாசிக்கப்படுகின்றன.

கடதாசியில் இருந்தது இதுதான்: ‘நான் சுயாதீனமான ஒப்பந்தக்காரன், இந்தக் கம்பனியின் ஊழியன் அல்ல’ என்று அண்ணை கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் சம்பளப் பட்டியலில் சேரலாம். ஆனால் ட்றக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ட்றக் அந்தக் கம்பனிக்காரரின் இன்னொரு கம்பனியிடமிருந்து தவணைக்கு எடுத்தது. இரண்டரை வருடம் கட்டியாயிற்று. கொடுத்தால் கட்டிய காசு போனதுதான்.

இப்படியொரு கடதாசி ஏன் வருகிறது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கனடாவில் பல ட்றக் கம்பனிகள், சொந்தமாக ஒரு சில்லுக்கூட இல்லாத ட்றைவரிடம், ‘உன் பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொண்டு வா’ என்கின்றன. ‘ட்றைவர் இன்க்’ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. வரி கழிக்காமல், ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்புறுதிக்கும் பிடிக்காமல், முழுச் செக்காகக் கொடுப்பார்கள். செக் பெரிதாகத் தெரியும். விடுமுறைச் சம்பளம், சுகவீன லீவு எதுவும் கிடையாது. அண்ணையும் நாலு வருடம் இப்படி ஓடியவர்தான். தன்னைச் சிறு வியாபாரி என்று நினைத்து அதற்குரிய வரியைக் கட்டினார். வரித் திணைக்களம் பிறகு பார்த்து, இது வியாபாரமில்லை, கம்பனிச் சட்டை போட்ட கூலி வேலை என்று சொல்லிவிட்டது. ஒன்ராறியோவில் சிறு வியாபாரத்துக்கு 2020இல் 12.2 வீதம், இந்த வகைக்கு 44.5 வீதம். அந்தப் பாக்கியை இன்னமும் கட்டுகிறார். அந்தக் கோபத்தில்தான், ‘சரி, உண்மையாகவே முதலாளி ஆகிறேன்’ என்று ட்றக்கை எடுத்தார்.

மாகாண எல்லை தாண்டி ஓடும் ட்றக்குகளுக்கு ஒட்டாவாவின் தொழிற் சட்டம். ஊழியனை ஊழியனல்லாதவனாக நடத்துவதை அது 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2024 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி போய், கூலி பெறுபவன் ஊழியன் என்றே கொள்ளப்படுவான், இல்லையென்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். அண்ணையின் முதல் நாலு வருடத்துக்கு அது இருந்திருக்க வேண்டும். இப்போது வந்தபோது அவரிடம் ட்றக் இருந்தது.

“நான் ஆர், ஊழியனோ முதலாளியோ? அதை மட்டும் சொல்லு” என்றார்.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2001இல் ஒரு வழக்கில் இதற்குச் சொன்ன வழி: இவன் செய்வது யாருடைய தொழில் என்று பார். கருவி யாருடையது, கட்டளை யாருடையது, நட்டம் யாருக்கு, இலாபம் கூட்ட வழி உண்டா, ஆள் வைக்கலாமா. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ட்றக் அவருடையது, பாதி. கதவில் கம்பனியின் பெயர், கம்பனியின் நிறம். உள்ளே பிள்ளையார் மட்டும் அவருடையவர். வேறு கம்பனியின் லோட் ஏற்றக்கூடாது. எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது டிஸ்பாச்சர் சொல்வது. டீசல், ரயர், காப்புறுதி, பழுது, எல்லாம் அவர் தலையில்.

எனக்கு யாழ்ப்பாணத்து விரிவுரை மண்டபம் நினைவுக்கு வந்தது. வணிகச் சட்டத்தில் ‘சேவை ஒப்பந்தம்’, ‘சேவைக்கான ஒப்பந்தம்’ என்று இரண்டைப் பிரிக்கச் சொல்லித் தந்தபோது வந்த வழக்கே ஒரு லொறிக்காரனுடையது. இங்கிலாந்தில் றெடி மிக்ஸ்ட் கொங்கிறீற் வழக்கு. லொறி தவணைக்கு வாங்கியது, கம்பனியின் நிறம், கம்பனியின் சீருடை, கம்பனியின் கட்டளை. ஆனாலும் அவன் ஒப்பந்தக்காரன்தான் என்றது தீர்ப்பு. நான் அதைப் பாடமாக்கினேன்; புள்ளியும் கிடைத்தது. அந்த மனுசன் பிறகு எப்படிச் சீவித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

“கலிபோர்ணியாவிலை உதுக்காகத் துறைமுகத்தையே மறிச்சவங்கள்” என்றார் அண்ணை. உண்மைதான். அங்கே 2020இல் வந்த ஏபி 5 சட்டத்தின்படி, ஒருவனை ஒப்பந்தக்காரன் என்று சொல்ல அவன் செய்யும் வேலை கம்பனியின் வழமையான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும். ட்றக் கம்பனிக்கு ட்றக் ஓட்டுபவன் இதை எப்படித் தாண்டுவான்? வழக்கால் நின்றிருந்த சட்டம், 2022 ஜூன் கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்ததும் ட்றக்காரர்மேல் வந்தது. ஜூலையில் ஓக்லண்ட் துறைமுக வாசலில் நின்று மறித்தவர்கள், அந்தச் சட்டம் காப்பாற்றவென்று வந்த ஆட்களேதான். அப்போது செய்தியில் பார்த்து, விசர் வேலை என்று நினைத்தேன்.

கனடாவில் ஹரி ஆர்தர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1965இலேயே இடைப்பட்ட ஒரு மனுசனைப் பற்றி எழுதியிருக்கிறார்: தங்கியிருக்கும் ஒப்பந்தக்காரன். ஒட்டாவாவின் சட்டத்தில் தொழிற்சங்கம் பற்றிய பகுதியில் இவனுக்கு இடமுண்டு. வாகனம் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்துச் சாமான் ஏற்றுபவன் என்று அச்சொட்டாக அண்ணையை வர்ணிக்கிறது. அதனால் அவர் சங்கத்தில் சேர்ந்து பேரம் பேசலாம். ஆனால் லீவும் சம்பளமும் பற்றிய பகுதியில் அந்தச் சொல் இல்லை. ஒரே சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் தொழிலாளி, இன்னொரு பக்கத்தில் ஒருவருமில்லை.

அவருடைய கிழமைக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். தவணை, டீசல், காப்புறுதி எல்லாம் வெட்டி மிச்சம் 740 டொலர். ஓடியது 62 மணித்தியாலம். சோற்றுப் பெட்டி மூடியில் பிரித்துக் காட்டினேன். மணிக்கு 12 டொலரும் இல்லை. ஒன்ராறியோவில் அந்த மாதம் கோப்பை கழுவுகிறவனுக்கே சட்டப்படி 17.20.

“அண்ணை, நீங்கள் தொழிலாளி. கையெழுத்து வையாதேங்கோ. சட்டம் உங்கடை பக்கம்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா முப்பது வருசம் சுன்னாகத்து முதலாளியின்ரை லொறி ஓடினவர். வெங்காயம் ஏத்திக்கொண்டு கொழும்புக்கு. சாகுமட்டும் அது முதலாளியின்ரை லொறிதான்” என்றார். கடதாசியை மடித்தார். “அது சரி, உனக்குக் கடதாசியிலை எத்தினை மணித்தியாலம்?”

கடதாசியில் எனக்குக் கிழமைக்கு இருபது. நிற்பது ஐம்பத்தைந்து. மிச்சம் கடித உறையில் வரும், 17.20க்கு அல்ல. இது அவருக்கும் தெரியும், இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் என் பக்கமும்தான். எட்டு வருடமாக நான் ஓரிடத்திலும் போய்ச் சொல்லவில்லை. ஏனென்று கேட்டால், வேலை போய்விடும் என்பேன். அது முழுக் காரணமில்லை. முதலாளி வந்த புதிதில் எனக்குப் படுக்க இடம் தந்தவர்.

நான் ஒன்றும் சொல்லாமல் சட்டியைத் தேய்த்தேன். அவர் சோற்றை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார், மீன்குழம்பு கொஞ்சம் கூட வைக்கச் சொல்லிவிட்டு. கடதாசியில் என்ன பெயர் போட்டாலும், கேள்வி வந்தால் நடந்ததைத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அதனால் கணக்குத் துண்டுகளை எறியாமல் வைக்கச் சொன்னேன். அவர் அவற்றை ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு என்னிடம் தந்திருக்கிறார், ட்றக்கில் எண்ணெய் படுமாம். மாப் பைக்கு மேலே தட்டில் இருக்கிறது. இப்போதெல்லாம் நானும் ஒவ்வொரு இரவும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி அதே பேணிக்குள் போடுகிறேன். அவருக்கு இது தெரியாது.