பாலத்தடியில் ஒரு கேள்வி

சென்ற வாரம் தொடக்கநிலை ஐந்து மாணவர்களைக் கற்றல் பயணமாகச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். கேவனா பாலத்தின் முகப்பிலுள்ள பழைய காவல்துறை அறிவிப்பை முதலில் காட்டினேன். மூன்று ஹண்டிரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 152 கிலோகிராமுக்கு, மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் செல்லக் கூடாது என்கிறது அது. "மாட்டுக்கு ஆங்கிலம் தெரியுமா, சார்?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தோம்.

பின்னர், வழக்கம்போல் விளக்கினேன். 1869இல் அமைந்த பாலம். இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தன. இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்த கடைசி ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. நீர் ஏறிய வேளையில் தொங்கான்கள் பாலத்தடியில் நுழைய இயலாமல், நீர் வற்றும்வரை காத்துக்கிடந்ததையும் சொன்னேன். இத்துடன் முடித்துவிடுவதே என் பழக்கம்.

"இரும்பு கப்பலில் வந்தது. அதைப் பூட்டியவர்கள் யார், சார்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

விடை எனக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். இத்தனை ஆண்டுகளாக அதை நான் சொன்னதில்லை. நம் பிள்ளைகளைப் பிறர் கேலி செய்வார்களோ என்ற அச்சமே காரணம். அன்று மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கைவண்ணமே என்றேன்.

சற்று நேரம் மௌனம். "அவர்கள் ஊருக்குத் திரும்பினார்களா?" என்றாள். 1873இல் கைதிகள் முகாம் மூடப்பட்டது. பலர் இங்கேயே தங்கிவிட்டனர் என்றேன்.

அங்கிருந்து போட் கீ வரை நடந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களுள் தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களே முன்னணியில் இருந்தனர். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. முகப்பில் கண் வரைந்த அப்படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணி 1987இல் நிறைவெய்தியது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடலின் ஏற்றவற்றம் ஆற்றை எட்டுவதில்லை. இன்று சுற்றுலாப் படகுகளே ஓடுகின்றன. சூலியாக்களின் நினைவாக அருகில் சூலியா ஸ்திரீட் என்னும் பெயர் எஞ்சியிருக்கிறது.

மறுநாள் பயிற்சித்தாள்களைத் திருத்தினேன். 'பாலம் யார் பெயரைத் தாங்கியுள்ளது?' என்பது நான் கொடுத்த வினா. அம்மாணவி 'ஆளுநர் கேவனா' என்று எழுதி, அதன்கீழ்த் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அவர்கள் பெயர் பாலத்தில் இல்லை.'

வினாவுக்கு ஒரு மதிப்பெண்தான். இரண்டு கொடுத்தேன்.

அன்புப் பெற்றோர்களே, ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளோடு அப்பாலத்தில் நடந்து பாருங்கள். அவர்கள் கேட்பார்கள். நாம் மறைக்காமல் சொல்வோம்.