ஒரு கிளாஸ் நிழல்

வெனிஸ்காரர் மதுக்கடைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒரு 'ஒம்ப்ரா'. இத்தாலிய மொழியில் அதற்கு நிழல் என்று பொருள். கடைக்காரர் குழம்புவதில்லை. சின்னக் கிளாஸில் ஒயினை ஊற்றி நீட்டுகிறார். ஒரு காலத்தில் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒயின் விற்றவர்கள் சரக்கு சூடாகாமல் இருப்பதற்காக, மணிக்கோபுரத்தின் நிழல் நகர நகரத் தங்கள் கடையையும் நகர்த்திக்கொண்டே போனார்களாம். பெயர் அப்படி வந்தது என்கிறார்கள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொற்பிறப்புக் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதே நல்லது. ஆனால் வழிகாட்டியுடன் மாலைநேரக் குடி உலா கிளம்பும் கூட்டங்கள் தவறாமல் கேட்கும் கதை இதுதான். கோபுரம்கூட 1902இல் ஒருமுறை இடிந்து விழுந்து, 1912இல் புதிதாக எழுந்தது. கதைக்கு அப்படி எந்தச் சேதமும் இல்லை.

உலா பெரும்பாலும் ரியால்டோ சந்தைப் பக்கம் தொடங்குகிறது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேரும்வரை ஐரோப்பா தின்ற மலபார் மிளகில் பெரும்பங்கு கைமாறிய இடம். மாலையில் மீன் கடைகள் மூடிக் கிடக்கின்றன. சந்தை ஆட்களின் பசிக்கும் தாகத்துக்கும் பிறந்த 'பாக்கரோ' என்ற சிறு மதுக்கடைகள் மட்டும் சந்துகளில் விளக்கேற்றியிருக்கின்றன. இவற்றில் புகழ்பெற்ற தோ மோரி 1462இலிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. கூரையிலிருந்து செப்புப் பாத்திரங்கள் தொங்குகின்றன. உட்கார இடமில்லை. டீக்கடையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்: நின்றபடி ஒன்று, கூடவே கடிக்க ஏதாவது, நாலு வார்த்தை வம்பு, பிறகு அடுத்த கடை. ஒரே கடையில் நாலு கிளாஸ் குடிப்பதல்ல, நாலு கடையில் நாலு முகம் பார்ப்பதே வழக்கம்.

கடிக்கக் கிடைப்பவைக்கு 'சிக்கெட்டி' என்று பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும். பொரித்த மத்தியை வினிகர் வெங்காயம், உலர்திராட்சையோடு ஊறவைத்த 'சாவோர்' ஒன்று. கப்பலில் கெடாமலிருக்க மாலுமிகள் கண்ட வழி. இன்னொன்று 'பக்கலா'. காய்ந்து விறகாகிவிட்ட காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு அடித்து அடித்து வெண்ணெயாக்கிவிடுகிறார்கள். அது இந்தக் கடலில் கிடைக்கும் மீனே அல்ல. 1431இல் கிரீட் தீவிலிருந்து ஒயின் பீப்பாய்களோடு வடக்கே புறப்பட்ட பியத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கியது. ஆட்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் கரையேறினார்கள். அங்கே காற்றில் காயவைத்த மீனைத் தின்று உயிர் பிழைத்த குவெரினி அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். காய்ந்த மீன் வெனிஸுக்கு வந்த கதையை ஊர்க்காரர்கள் அவரிடமிருந்தே தொடங்குகிறார்கள். ஒயினோடு போய் மீனோடு வந்தவர்!

வெளியூர்க்காரர்கள் கையில் இருப்பதோ ஆரஞ்சு நிற ஸ்பிரிட்ஸ். வெனிஸ் 1866 வரை ஆஸ்திரியாவின் பிடியில் இருந்தது. உள்ளூர் ஒயினின் வேகம் தாங்காத அந்நாட்டுச் சிப்பாய்கள் அதில் தண்ணீர் தெளித்துக் குடித்ததன் வாரிசு இது. பிறகு கசப்பு மது சேர்ந்தது. வெனிஸின் சொந்தச் சரக்கு 1920இல் வந்த செலெக்ட். ஆனால் உலகெங்கும் பேர் வாங்கியது பக்கத்து ஊரான பாதுவாவில் 1919இல் பிறந்த அபெரோல். 2003இல் கம்பாரி நிறுவனம் அதை வாங்கிய பின் விளம்பரம் செய்த வேலை.

ஆக, கிளாஸில் வரலாற்றுக்குக் குறைவில்லை. குறைவது ஆட்கள். ரியால்டோ பாலத்துக்கு அருகே, சான் பர்த்தலோமியோ சதுக்கத்தின் மருந்துக்கடை ஜன்னலில் 2008இல் ஒரு மின்னணுப் பலகை வைத்தார்கள். பழைய நகரத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் பலகை. 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த தீவு நகரம் 2022இல் 50,000க்குக் கீழே இறங்கியது. மறு ஆண்டு, பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டதாக ஒரு குடிமக்கள் குழு கணக்குச் சொன்னது.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. 2024இல் வழிகாட்டிகளின் குழுவுக்கு 25 பேர் என்ற வரம்பும் ஒலிபெருக்கிக்குத் தடையும் வந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கியது. வசூல் நேரம் காலை 8.30 முதல் மாலை 4 வரை. குடி உலாவுக்கென்று ஐந்து மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு அந்தச் செலவும் இல்லை.

உலா நடத்துகிறவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். வாடிக்கையாளர் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போன தெருவில், பயணியின் பணம் இல்லாவிட்டால் பாக்கரோ என்றைக்கோ முகமூடிக் கடையாகியிருக்கும். அதுவும் உண்மை. ஆனால் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால், பெஞ்சுகூட இல்லாத அந்தச் சிறு கடையில், தினமும் வரும் கிழவருக்கு நிற்க எங்கே இடம்? கடைக்குக் கடை முகம் பார்க்கும் வழக்கத்தைக் காட்டத்தான் பயணியிடம் பணம் வாங்குகிறார்கள். அவர் பார்க்கும் முகங்களோ பெரும்பாலும் தன்னைப்போன்ற பயணிகளுடையவை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் சங்கடம்.

நாலாவது கடையோடு உலா முடிகிறது. கைகுலுக்கல், கொஞ்சம் டிப்ஸ். கூட்டம் விடுதிகளுக்குக் கலைகிறது. வெனிஸில் வேலை பார்ப்பவர்களில் பலர் இப்போது கடலுக்கு அக்கரையில், மெஸ்த்ரேவில் குடியிருக்கிறார்கள். இரவில் பியாட்சாலே ரோமாவில் பேருந்துக்கு நிற்கும் வரிசையில் ஒம்ப்ரா ஊற்றிய கைகளும் இருக்கும், அதன் கதையைச் சொன்ன வாய்களும் இருக்கும். 1933இல் திறந்த பாலத்தின் மேல் பேருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறுகிறது.