ஆற்றின் மீது சுமத்திய பழி

2002ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு நான் பொறுப்பாயிருந்தேன். மேற்கு ஆபிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயைக் கட்டுப்படுத்தும் நீண்டகாலத் திட்டமொன்று நிறைவடைகின்றது என்ற செய்தியை ஒருநாள் மொழிபெயர்க்க நேர்ந்தது. இடம் போதாமையால் பாதியை வெட்டினேன். நோயின் பெயரே விளக்கந்தானே என்ற துணிவில், அசுத்தமான ஆற்றுநீரில் குளிப்பதால் வரும் நோய் என்று ஒரு வரியை நானாகவே சேர்த்தும் விட்டேன்.

சில நாட்களில் மலையகத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். "தம்பி, அந்த ஆறு அசுத்தமானதன்று. பழியைத் தவறான இடத்தில் போட்டுவிட்டீர். திருத்தம் வெளியிடுவீர் என நம்புகின்றேன்" என்று எழுதியிருந்தார். நான் வெளியிடவில்லை. எங்கோ தொலைவிலுள்ள நோய், இங்கு யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணிக்கொண்டேன். அந்தத் திருத்தத்தை இப்போதுதான் எழுதுகின்றேன்.

இந்நோயைத் தருவது நீரன்று, ஒரு புழு. அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுசெல்வது சிறிய கரிய ஈ. இந்த ஈ தேங்கிய நீரில் பெருகுவதில்லை. பாறைகளில் மோதி நுரைத்து விரையும் ஆறே அதற்கு வேண்டும். அதன் குடம்பிகள் நீருள் அமிழ்ந்த கல்லையும் செடியையும் பற்றிக்கொண்டு, ஓடிவரும் நீரிலிருந்து உணவை வடித்தெடுக்கின்றன. ஒட்சிசன் நிறைந்த ஓட்டமின்றேல் அவை பிழையா. பகலில் வயலில் நிற்பவரை ஈ கடிக்கின்றது. உடலுட் புகுந்த புழு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து எண்ணற்ற நுண்புழுக்களை ஈனும். அவை கண்ணை அடைந்து மடியும்போது உண்டாகும் அழற்சியே, காலப்போக்கில் பார்வையைப் பறிக்கின்றது.

ஆகவே இந்நோயின் வரைபடத்தை வரைந்தது நிலமே. வொல்ற்றா ஆற்றுப் படுகையில் வளமான மண் ஆற்றோரத்திலேயே இருந்தது. ஈயும் அங்கேயே இருந்தது. ஆற்றை அடுத்த கிராமங்களிலேயே குருடர் மிகுந்தனர். 1970களில் மேற்கு ஆபிரிக்காவின் சில ஊர்களில் நாற்பது வயதைக் கடந்த ஆண்களில் பாதிப்பேர்வரை பார்வையிழந்திருந்தனர். மக்கள் நிலத்தை விட்டு, வரண்ட மேட்டுநிலங்களுக்குப் பெயர்ந்தனர். ஊரில் ஆட்கள் குறையக் குறைய, எஞ்சியோர் ஒவ்வொருவர் மீதும் விழும் கடிகள் பெருகின. முதல்வரிசைக் கிராமம் அழிந்ததும் அதற்கு அடுத்தது முதல்வரிசையானது. காடும் புல்வெளியுங்கூட வேறுபாடு செய்தன: புல்வெளிப் பிரதேசத்தில் குருடு அதிகம், மழைக்காட்டில் தோல்நோயே முந்தி நின்றது.

1974இல் ஏழு நாடுகளில் தொடங்கிய திட்டம் நிலத்தின் இந்த ஒழுங்கையே பின்பற்றியது. வாரந்தோறும் ஹெலிகொப்டர்கள் ஆற்றின் விரைவோட்டங்களைத் தேடிச்சென்று குடம்பி கொல்லும் மருந்தைத் தூவின. ஆனால் காற்றேறிய ஈக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி மீண்டும் வந்தன. எனவே திட்டம் பதினொரு நாடுகளுக்கு விரிந்தது. அணைகளும் இருமுகங் காட்டின: நீர்த்தேக்கம் மேலேயுள்ள விரைவோட்டங்களை மூழ்கடித்தது; வான்கதவு வழியே பாய்ந்த நீர் புதிய ஈக்களை வளர்த்தது. 1987இல் ஐவர்மெக்டின் மருந்து இந்நோய்க்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 250 இலட்சம் ஹெக்டேயர் நிலம் பயிருக்கும் குடியிருப்புக்கும் மீண்டது. 2025 ஜனவரியில் நைஜர், இந்நோய் பரவுவதை நிறுத்திய முதல் ஆபிரிக்க நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது.

நமக்கு இதில் அந்நியமென்று ஒன்றுமில்லை. 1934இல் பருவமழை பொய்த்தபோது மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் குட்டைகளாகச் சுருங்கின. அக்குட்டைகளில் பெருகிய நுளம்புகள் பரப்பிய மலேரியாவுக்கு, கேகாலை, குருநாகல் பகுதிகளிலே தொடங்கி, 1935க்குள் ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். அங்கு ஆறு ஓடியதால் நோய். இங்கு ஆறு ஓடாது நின்றதால் நோய். நம் மலையக அருவிகளிலும் அந்த ஈயின் இனத்தவை உண்டு. அந்தப் புழு இங்கில்லாததால் நாம் தப்பினோம்.

ஆற்றருகே கண்ணை இழந்தவனைக் குளித்ததால் குருடானவன் என்று எழுதுவது, அவன் வயலையும் அவன் துயரையும் ஒருசேர அழிப்பதாகும். எழுதுபவனுக்கு அது ஒரு வரி. அந்தத் தபாலட்டை இன்றும் என் அகராதிக்குள் இருக்கின்றது.