முதல் மூன்று ஆட்டங்கள்

நாட்டின் ஐம்பதாம் ஆண்டு விடுதலை விழா முடிந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமைக் காலை. வாயிலில் கட்டிய கொடியை இன்னும் இறக்கவில்லை. அப்போது நான் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியன். தேர்வு நெருங்கிவிட்டதால், மாணவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றுவந்த என் அக்காள் மகன் பேசினான். அவனுடைய குரலில் இருந்த தளர்ச்சியைக் கேட்டதும் என்ன நேர்ந்ததோ என்று அஞ்சினேன்.

"மாமா, தோற்றுவிட்டோம்" என்றான்.

பரீட்சையிலா என்று கேட்டேன். இல்லை, பந்தாட்டத்தில் என்றான். எனக்குச் சினமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. ஆயினும் அவன் சொல்லச் சொல்ல, அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய செய்தியன்று என்பதை உணர்ந்தேன்.

நாம் ஆடும் காற்பந்து வேறு. அமெரிக்கர் அதே பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும் ஆடுவது அது. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறவேண்டும். இல்லையேல் பந்து எதிர்க்குழுவுக்குப் போய்விடும். பந்தை எல்லைக் களத்துக்குள் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள். அதன்பின் உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம். துணிந்து மீண்டும் களத்துக்குள் புகுந்தால் இரண்டு புள்ளிகள். தொலைவிலிருந்து கம்பத்தின் ஊடே உதைத்தால் மூன்று புள்ளிகள். பல்கலைக்கழகக் குழுக்கள் ஒரு பருவத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆட்டங்களே ஆடுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆட்டமும் நமது தவணைத் தேர்வைப்போன்று கனமுடையதாகிறது.

மிச்சிகன் குழு அந்தப் பருவத்தை நாட்டின் ஐந்தாம் நிலைக் குழுவாகத் தொடங்கியது. ஆன் ஆர்பர் நகரில் உள்ள அவர்களுடைய திடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் எதிர்த்து வந்தவர்களோ வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள பூன் என்னும் சிற்றூரின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், கீழ்ப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அக்காலத்தில் மேற்பிரிவுக் குழு 85 உதவித்தொகைகள் வழங்க முடிந்தது. கீழ்ப்பிரிவுக் குழுவுக்கு 63 மட்டுமே. இத்தகைய குழு வந்து 34–32 என்ற கணக்கில் வென்றுவிட்டது. இறுதி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தை எதிரணி வீரர் ஒருவர் பாய்ந்து தடுத்துவிட்டார்.

என் மருமகன் தன் மதிப்பீட்டைச் சொன்னான். தற்காப்பு வீரர்கள் விரைவில்லாதவர்கள். எதிரணியினர் களத்தின் அகலம் முழுதும் விரிந்து நின்று ஆடும் புதிய முறைக்கு இவர்களிடம் மாற்று இல்லை. இரண்டு முறை இரண்டு புள்ளிக்கு முயன்று இரண்டு முறையும் தவறினார்கள். தோற்றதோ இரண்டே புள்ளியில். பயிற்றுநர் லாய்ட் கார் 1995 முதல் பொறுப்பில் இருப்பவர். அவர் காலம் முடிந்துவிட்டது. "இந்த ஆண்டு அவ்வளவுதான், மாமா" என்று முடித்தான்.

அடுத்த வாரம் ஒரிகன் குழுவிடம் 39–7 என்று தோல்வி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் மூத்த வீரர் சாட் ஹென்னி அவ்வாட்டத்தில் காயமுற்றார். மருமகனின் தீர்ப்பு மேலும் உறுதிப்பட்டது. மூன்றாம் வாரமோ புகழ்பெற்ற நோட்டர் டேம் குழுவை 38–0 என்று வென்றார்கள். முதலாண்டு மாணவர் ஒருவர் ஹென்னியின் இடத்தில் நின்று ஆடினார். உடனே மருமகனுடைய குரல் மாறிவிட்டது. "குழு எழுந்துவிட்டது" என்றான். மூன்று வாரத்தில் மூன்று தீர்ப்புகள்! நான் அவனைக் கேலி செய்தேன். கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இனி என் வகுப்பறையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவ்வாண்டு என் வகுப்பில் முப்பத்து நான்கு பேர். அக்காலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெருமை, யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை பேர் ஏழு பாடங்களிலும் 'ஏ' பெற்றனர் என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த இரண்டு சோதனைகளின் புள்ளிகளைக் கொண்டு மாலைச் சிறப்பு வகுப்புக்குப் பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்தேன். ஏனையோர் மதியமே வீடு திரும்பினர். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நேரம் குறைவு, ஆசிரியர் குறைவு, முளைக்கும் விதைக்குத்தானே நீர் பாய்ச்சவேண்டும் என்று எண்ணினேன்.

திரும்பியவர்களுள் ஒரு சிறுவன். பெயர் வேண்டாம். அவன் தாயார் ஒருநாள் தொழிற்சாலைச் சீருடையுடனே பள்ளிக்கு வந்தார். "ஐயா, இவனுக்கு மலாய் எழுதத்தான் வரவில்லை. மாலை வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார வைத்தால் போதும்" என்றார். அடுத்த தவணையில் பார்க்கலாம், அம்மா என்று கூறி அனுப்பினேன். அடுத்த தவணை வந்தது, நான் பார்க்கவில்லை. ஜூலையில் அவன் எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்று என்னை வியக்க வைத்தது. மலாய்ப் பயிற்சியிலும் பிழைகள் குறைந்திருந்தன. ஆயினும் பட்டியல் எழுதி முடித்தாயிற்றே! எழுதிய பட்டியலைத் திருத்துவதற்கு மனம் வரவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் மருமகன் மீண்டும் அழைத்தான். மிச்சிகன் குழு தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றிருந்தது. "செப்டம்பரில் நான் சொன்னதை மறந்துவிடுங்கள், மாமா" என்றான். பிறகு சற்றுப் பொறுமையாகத் தன் மதிப்பீட்டைத் தானே மறுபரிசீலனை செய்தான். அவன் சொன்னவை என் நெஞ்சில் தங்கின.

தற்காப்பின் குறை உண்மையானதுதான். அதை அவன் மறுக்கவில்லை. ஆனால் அது செப்டம்பரில் தோன்றிய குறையன்று. 2006இல் அதே குழு பதினோர் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, கடைசி இரண்டில் ஓஹாயோ மாநிலக் குழுவிடமும் தென் கலிபோர்னியக் குழுவிடமும் தோற்றது. ஓஹாயோக் குழு மட்டுமே 42 புள்ளிகள் குவித்தது. வெற்றி மிகுந்த தொடக்கம் குறையை மறைத்துவைத்தது; தோல்வியுற்ற தொடக்கம் அதனை வெளிச்சமிட்டது; அவ்வளவே. மேலும், தோற்கடித்தவர்கள் யார் என்பதை அவன் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை. அப்பலாச்சியன் குழு 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தன் பிரிவில் வாகை சூடிய குழு. ஒரிகனோ அவ்வாண்டின் வலிமைமிக்க குழுக்களுள் ஒன்று. மறுபுறம், 38–0 என்று வீழ்த்தப்பட்ட நோட்டர் டேம், பெயரளவில் பெரிது. அந்த ஆண்டு அதன் நிலை மிகத் தாழ்ந்திருந்தது. "தோல்வி எனக்குக் காட்டியதைவிட நாங்கள் நல்ல குழு, வெற்றி காட்டியதைவிட நாங்கள் சிறிய குழு" என்றான்.

அடுத்த சில நாள்களில் யு.பி.எஸ்.ஆர். முடிவுகள் வந்தன. சிறப்பு வகுப்பினர் நன்றாகவே செய்திருந்தனர். அந்தச் சிறுவன் தமிழ்க் கட்டுரையில் 'ஏ' பெற்றிருந்தான். மலாய் எழுத்துத் தாளில் 'டி'. தமிழ்ப்பள்ளி மாணவர் மலாய்த் தாள்களில் தேர்ச்சி பெறாவிட்டால், இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்குச் செல்லும் முன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கவேண்டியிருந்தது என்பதை இந்நூலைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தில், ஒரு படி. அதற்காக ஓர் ஆண்டு.

முடிவுத்தாளைப் பெற்றுக்கொண்ட அவன் தாயார் என்னைக் குறை கூறவில்லை. "நன்றி, ஐயா" என்றுதான் சொன்னார். அந்த நன்றி இன்றும் என்னைச் சுடுகிறது.

மாலை வகுப்பில் அமர்ந்திருந்தால் அவன் கட்டாயம் தேறியிருப்பான் என்று நான் கூறமாட்டேன். அது எவருக்கும் தெரியாது. ஆனால் அவன் புள்ளி ஏன் தாழ்ந்தது என்று நான் கேட்டிருக்கவேண்டும். அக்குடும்பம் அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் வேறோர் ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தது. பிப்ரவரிச் சோதனை எழுதியபோது அவனுக்குப் பாடநூல்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. இது அவனுடைய பதிவேட்டிலேயே இருந்தது. என் மருமகன் எதிரணி யாரென்று பாராமல் தீர்ப்புச் சொன்னான். நானும் அதையே செய்தேன். அவன் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டான். அதனால் எவருக்கும் இழப்பில்லை. நான் மாற்றிக்கொள்ளவில்லை; இழந்தவன் ஒரு சிறுவன்.

மிச்சிகனின் பருவம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வெற்றிகளுக்குப் பின் விஸ்கான்சினிடமும் ஓஹாயோவிடமும் தோற்றார்கள். லாய்ட் கார் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 2008ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தம் இறுதி ஆட்டத்தில், அவர் குழு புளோரிடாக் குழுவை 41–35 என்று வென்றது. வீரர்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர். அப்பலாச்சியன் குழுவோ மூன்றாம் முறையாகத் தன் பிரிவில் வாகை சூடியது. ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. செப்டம்பரில் அழுதவனும் நவம்பர்த் தொடக்கத்தில் ஆர்ப்பரித்தவனும் எதிர்பாராத கணக்கு இது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசன் ஆள்களைத் தேர்வது பற்றியது என்று கூறி அதை வகுப்பில் நடத்திவிட்டுப் போகிறோம். ஆசிரியனும் ஒவ்வோராண்டும் தொடக்கத்தில் முப்பது, நாற்பது பேரைத் தெளியவேண்டியவன் என்பது என் நினைவுக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆயின.

நான் தலைமையாசிரியன் ஆனபின் ஒரு நடைமுறை வைத்தேன். ஆண்டின் முற்பாதி முடியும்வரை எந்த மாணவனையும் எந்தச் சிறப்பு வகுப்பிலிருந்தும் விலக்கக்கூடாது; அதன்பின் விலக்க வேண்டுமானால், அவனுடைய வீட்டு நிலையை அறிந்து எழுத்தில் காரணம் காட்டவேண்டும். பெற்றோர் சிலர் முணுமுணுத்தனர். நல்ல மாணவர்கள் பின்தங்குவர் என்றனர். ஆசிரியர்களுக்கு வேலை கூடியது. அதை நான் மறைக்கவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பிள்ளைகளைப் பட்டியலிடும் நம் பழக்கம் நீங்கவில்லை. ஆகவே நடைமுறையும் நீடிக்கிறது.

அந்தச் சிறுவன் இப்போது லோரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் தலைமைப் பணியாளர். சென்ற ஆண்டு தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க என் பள்ளிக்கே வந்தார். பாரங்களைப் பூர்த்தி செய்தபின், "ஐயா, இவள் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிப்பாள்" என்று தயங்கியபடி கூறினார்.

"ஜனவரியில் ஒன்றும் சொல்லமுடியாது" என்றேன். வகுப்பாசிரியையை அழைத்து, அவர் முன்னிலையிலேயே அதை மீண்டும் ஒருமுறை சொன்னேன்.